சாரி என்ற சொல்லும் ஓர் இரும்புச் சட்டியும்

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அதை உள்ளே வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னால் வணக்கம் கோணலாக வருகிறது.

நேற்று மாலை ஒரு துணிக்கடையில் என் முழங்கை பட்டு ஒருவர் லேசாக ஆடிப்போனார். உடனே திரும்பி, "சாரி சார்" என்றேன். அவர் வாயே திறக்கவில்லை. மனிதர் கோபமாக இருக்கிறார் போலும் என்று எண்ணி, குரலை இன்னும் கொஞ்சம் குழைத்து, "வெரி சாரி சார், கவனிக்கலை" என்றேன். அப்போதும் அவர் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. "ஒரு மனுஷன் இவ்வளவு இறங்கி வர்றேன், ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று சத்தம் போட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் திரும்பவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவர் காலுக்குக் கீழே உருளைச் சக்கரம் இருந்தது.

ஆம், அன்பர்களே! சட்டை மாட்டி நிறுத்திய கடைப் பொம்மை!

பின்னால் நின்றிருந்த என் மனைவி நிதானமாகக் கேட்டாள்: "என்ன, சமாதானம் ஆயிட்டாரா?" நான் வழிந்தேன். "பொம்மைக்கு ரெண்டு சாரி. எனக்கு இத்தனை வருஷத்துல ஒண்ணாவது?" என்றாள். "சாரிம்மா" என்றேன். "பொம்மைக்குக் கொடுத்தது போக மிச்சமா இது?" என்றாள்.

அந்த மிச்சத்தைக் கையில் ஏந்திக்கொண்டுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

தலைமை நாற்காலியை நிறைத்தும், மடியில் மணியை மறைத்தும் வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! அகராதிகளுக்குள் ஆயுளைக் கரைத்து, அதற்குள்ளேயே மூக்குக்கண்ணாடியைத் தொலைத்து, இன்றும் தேடிக்கொண்டிருக்கும் ஆன்றோர்களே! சொல்லைச் சுமந்து சோறு தேடும் என் சக மொழிபெயர்ப்பாளர்களே! மேடையில் யார் பேசினாலும், அதைவிடச் சுவையான செய்தி ஒன்றைப் பக்கத்து நாற்காலியோடு பகிர்ந்துகொண்டிருக்கும் பாசமிகு தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்த மதியூகிகளே! கதவோரம் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று, நான் எப்படிப் பேசுகிறேன் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கக் காத்திருக்கும் அறிவாளிகளே! உங்கள் அத்தனை பேருக்கும், அந்த ஒற்றைக் காலுக்கும் சேர்த்து, என் உளம் கனிந்த வணக்கம்.

இந்த ஆண்டு விழாவில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘சாரி என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் பெயர்ப்பும்.’ தலைப்பைக் கேட்டதுமே உங்களில் பாதிப் பேருக்குச் சேலை நினைவுக்கு வந்திருக்கும். அந்தப் பழைய நகைச்சுவையை நான் சொல்லப்போவதில்லை. பாருங்கள், தலைவரின் கை அதற்குள் மணிக்குப் போய்விட்டது. இல்லை ஐயா, சொல்லவில்லை!

என்ன? பின்வரிசையில் சத்தம் வரவில்லையா? சாரி ஐயா. இப்போது கேட்கிறதா? பார்த்தீர்களா, ஒலிபெருக்கியைக் கட்டியவர் ஒருவர், காசு கொடுத்தது சங்கம், சாரி சொன்னவன் நான்! இந்தச் சொல் அப்படித்தான். யார் வாயில் இடம் இருக்கிறதோ அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் போல் உழைக்கும் சொல் உலகில் வேறு உண்டா? பேருந்தில் காலை மிதித்தால் சாரி. மிதிபட்டவரும் சாரி. கூட்டத்தில் தும்மினால் சாரி. காதில் விழவில்லை என்றால் ஒரு கேள்விக்குறியோடு சாரி. கடையில் சரக்கு இல்லையென்றால் சாரி. வேலைக்குச் சேர்க்கும்போது ஒரு பக்கம் பேசுகிற முதலாளி, வேலையைவிட்டுத் தூக்கும்போது பேசுவது ஒரே சொல்: சாரி. கல்யாணத்துக்கு வர முடியாதவர் சாரி என்கிறார். வந்து சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதாமல் நழுவியவர் மட்டும் சாரி என்பதில்லை, அது வேறு விஷயம். முன்வரிசையில் ஒருவர் சட்டென்று குனிந்துகொண்டார். உங்களைச் சொல்லவில்லை ஐயா, நிமிருங்கள்!

சரி, இதற்குத் தமிழ் என்ன? நம் ஆன்றோர்களின் அகராதியைப் புரட்டினேன். ‘வருந்துகிறேன்’ என்றது. வருந்துகிறேனா? வழி அடைத்துக் கிடக்கும் தெருமுனையில், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு தகரப் பலகை நிற்குமே, அங்கே யாராவது வருந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பலகைதான் பாவம், வெயிலில் நின்று வருந்துகிறது. அடுத்த பொருள், ‘மன்னிக்கவும்.’ அச்சில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போய், உங்கள் அண்ணனிடம், "அண்ணா, என்னை மன்னிக்கவும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் பயந்துபோய், "எவ்வளவுடா வேணும்?" என்று கேட்பார்.

ஆக, ஆங்கிலச் சொல்லோ அளவுக்கு மீறி எளியது. தமிழ்ச் சொல்லோ அளவுக்கு மீறிப் பெரியது. ஒன்று பொம்மைக்கும் பொருந்துகிறது. மற்றது மனிதர் வாயில் பொருந்த மறுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் நான் மாட்டிக்கொண்ட கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

தாய்மார்களே, என் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தொலைபேசி மொழிபெயர்ப்பாளன். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல ஓர் அறை. சுவரெல்லாம் பஞ்சு. காதில் கருவி. அந்தப் பக்கம் ஒருவர் தமிழில் பேசுவார், இந்தப் பக்கம் ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், நடுவில் நான். எங்கள் நிலையத்தின் சட்டம் மூன்றே சொல்: சேர்க்காதே, குறைக்காதே, மாற்றாதே. இதற்கு மேல் ஒரு கொடுமை உண்டு. ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று நாங்கள் சொல்லக் கூடாது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அதனால் காலையில் எனக்குப் பல்வலி. பத்து மணிக்கு எனக்கு விவாகரத்து. பதினோரு மணிக்கு எனக்குப் பிரசவ வலி! மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவி, "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்பாள். "சுகப்பிரசவம்" என்பேன்.

அப்படி ஒரு நாள் மதியம், ஓர் இளம்பெண்ணின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "சார், எனக்கு அடுத்த மாசம் குழந்தை பிறக்கப் போகுது. காலெல்லாம் வீங்கியிருக்கு, டாக்டர் படுத்தே இருன்னு சொல்லிட்டாங்க. எங்க அம்மா உதவிக்கு வந்தாங்க. இப்ப கோவிச்சுக்கிட்டு, சாயங்கால ரயிலுக்குக் கிளம்பறேன்னு பெட்டியோட நிக்கறாங்க. எனக்கு வேற யாரும் இல்ல சார்."

"யார் மேலம்மா கோபம்?"

"என் வீட்டுக்காரர் மேல. அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இதுவரைக்கும் நான்தான் நடுவுல. அம்மா திட்டினா நான் வெல்லம் தடவி அவர்கிட்ட சொல்வேன். அவர் உளறினா பூ வச்சு அம்மாகிட்ட சொல்வேன். இனிமே என்னால முடியாது சார். வெல்லமும் தீர்ந்துபோச்சு, பூவும் தீர்ந்துபோச்சு. அவர் பட்டறையில இருக்கார், லைன்ல வருவார். போனை அம்மாகிட்ட கொடுக்கறேன். சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்க."

என்ன நடந்தது? சொல்கிறேன், கேளுங்கள். அந்த அம்மா வரும்போது தம் வீட்டிலிருந்து ஓர் இரும்புச் சட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். பல காலம் எண்ணெய் குடித்து, தீ குடித்து, கன்னங்கரேலென்று பழகிய சட்டி. எதைப் போட்டாலும் ஒட்டாது, எதைச் சுட்டாலும் கருகாது. மருமகனோ கார்களுக்கு டிங்கரிங் வேலை பார்ப்பவர். நசுங்கியதை நிமிர்த்துவார், துருப்பிடித்ததைத் தேய்ப்பார். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. ஒரு நாள் சமையலறையில் அந்தக் கருப்புச் சட்டியைப் பார்த்தார். ‘ஐயோ பாவம், மாமியார் இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறாரே’ என்று அவர் மனம் உருகியது. யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குக் கொண்டுபோனார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பஃபிங் மெஷினில் வைத்து மெருகேற்றினார். முகம் பார்க்கலாம் போல ஆக்கி, ஒரு துணியில் சுற்றி, பரிசு கொடுப்பதைப் போல மாமியார் கையில் கொடுத்தார்.

அங்கே மூன்றாவது வரிசையில் ஒரு தாய் நெஞ்சில் கை வைத்துவிட்டார். அம்மா, உங்களுக்குப் புரிகிறது! அருகில் இருக்கும் உங்கள் கணவர், ‘பளபளன்னு ஆனா நல்லதுதானே?’ என்று கேட்கிறார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். சட்டியின் கருப்பு அழுக்கு அல்ல, அதுதான் அதன் அனுபவம் என்பது அடுப்படிக்குப் போனவருக்குத் தெரியும். அவர் கூடத்திலேயே குடியிருக்கிறார்!

அந்த அம்மா பளபளத்த சட்டியைப் பார்த்தார். அதில் தம் முகத்தையும் பார்த்தார். அன்றிலிருந்து பேசவே இல்லை. பிறகு பெட்டியைக் கட்டினார்.

இப்போது தொலைபேசியில் மூன்று பேர். ஒரு முனையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மாமியார். மறுமுனையில் பட்டறையில் தகரம் தட்டும் சத்தத்துக்கு நடுவே மருமகன். இடையில், தீப்பெட்டிக்குள் குச்சியாக, அடியேன்.

மருமகன் ஆரம்பித்தார். அவர் வீட்டு வழக்கப்படி, மாமியாரை அன்பாக, உரிமையோடு, பெயர் சொல்லி அழைத்து, "ஐ ஆம் சாரி" என்றார். நான் என்ன செய்ய? மாற்றாதே என்பது சட்டம். பெயரையும் சொன்னேன். "நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றும் சொன்னேன்.

அந்த அம்மா கேட்டார்: "யாரு அது, பேரைச் சொல்லிக் கூப்பிடறது? எங்க வீட்டுக்காரரே ஒரு நாளும் என் பேரைச் சொன்னதில்ல. நீங்க யாரு தம்பி? குரல் நம்ம வீட்டுக் குரல் மாதிரி இருக்கே?"

குறைக்காதே என்பது சட்டம். ‘நீங்க யாரு தம்பி’ என்பதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மருமகன் பதறிவிட்டார். "நான் உங்க பொண்ணோட புருஷன்!" அதையும் தமிழில் சொன்னேன்.

"அது தெரியும்" என்றார் அம்மா. "அவரைக் கேக்கல. நடுவுல இருக்கறது யாருன்னு கேட்டேன்."

அதையும் சொன்னேன். மருமகன் பெருமூச்சு விட்டார். "இந்த வீட்டுல எப்பவும் நடுவுல மாட்டிக்கிட்டிருக்கறது நான்தான்" என்றார். அதையும் சொன்னேன். என் தொழில் அப்படி!

மருமகன் விளக்கினார். அழுக்கு என்று நினைத்தாராம். நல்லது செய்வதாக நினைத்தாராம். மறுபடியும் சாரி என்றார். வெரி சாரி என்றார். ரியலி சாரி என்றார். நானும் மன்னிப்புக் கேட்டேன், மிகவும் மன்னிப்புக் கேட்டேன், உண்மையாகவே மன்னிப்புக் கேட்டேன். சட்டியைத் தொடாதவன், சட்டியைக் கண்ணால் பார்க்காதவன், அந்தச் சட்டிக்காக மண்டியிடாத குறையாகக் கெஞ்சினேன்.

அந்த அம்மா இரும்பாக இருந்தார். "சாரியாம் சாரி! அந்தச் சொல்லு எனக்கும் தெரியும் தம்பி, அதை எனக்கு மொழிபெயர்க்க வேணாம். பஸ்ஸுல கால மிதிச்சுட்டு இறங்கிப் போறவனும் அதைத்தான் சொல்றான். மன்னிப்புன்னு நீங்க சொல்றீங்களே, அது அதுக்கும் மேல. நான் என்ன நீதிபதியா?"

இந்த நேரம் பார்த்து, அந்தப் பஞ்சுச் சுவரின் தூசி என் மூக்கில் ஏறியது. ஒரு தும்மல்! பழக்கதோஷம், "சாரி" என்றேன். அந்த அம்மா தன்னை அறியாமல், "பரவாயில்ல தம்பி" என்றார்.

அன்பர்களே, என் நிலையை எண்ணிப் பாருங்கள்! காதில் விழுந்த ஒரு சொல்லையும் விடக் கூடாது. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, ‘பரவாயில்லை’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவுதான்! பட்டறையில் ஆரவாரம். மருமகன் கூவினார். கூட வேலை செய்பவர்கள் தகரத்தைத் தட்டி ஒலி எழுப்பினார்கள். கார் ஹாரன் ஒன்றும் ஒலித்தது.

"அங்க என்ன கூத்து?" என்றார் அம்மா.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன். அந்தப் பரவாயில்லை எனக்கு வந்தது. தும்மியது நான்" என்று இரண்டு மொழியிலும் அறிவித்தேன். பட்டறை அடங்கியது. இவ்வளவு சோகமாக ஒரு ஹாரன் நின்று நான் கேட்டதில்லை.

தலைவர் மணியை எடுக்கிறார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள்! அந்த அம்மா பெட்டியோடு நிற்கிறார். இப்போது மணி அடித்தால், வண்டி வந்துவிட்டது என்று கிளம்பிவிடுவார்.

மருமகன் குரல் இறங்கிப்போயிருந்தது. "உங்க பேரைச் சொன்னது தப்புன்னு தெரியாது. எங்க வீட்டுல அதுதான் மரியாதை. அப்போ நான் உங்களை என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டார். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

அம்மா, கோபமெல்லாம் வடிந்த குரலில், "நான் வந்து இத்தனை நாள் ஆச்சு. அது நான் சொல்லித் தரணுமா?" என்றார்.

அதையும் சொன்னேன். மருமகனுக்கு விளங்கவில்லை. விளங்க என்ன வழி? அவர் மொழியில் அவரை ‘சன்-இன்-லா’, அதாவது ‘சட்டப்படி மகன்’ என்கிறார்கள். அவரை அவர் வீட்டில் பெற்றார்களா, நீதிமன்றத்தில் வாங்கினார்களா என்று தெரியாத பெயர்! பாவம், மனிதருக்கு மறுபடியும் தெரிந்தது ஒரே சொல்தான். நெளிந்த தகரம் போன்ற குரலில், முன்னும் பின்னும் ஒன்றும் இல்லாமல், சொன்னார்: "சாரி."

இப்போது என் முறை.

என் வாயில் மன்னிப்பு இருந்தது. வருத்தம் இருந்தது. அகராதி முழுவதும் இருந்தது. தலைக்கு மேலே சட்டம் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு தாய், பெட்டியின் கைப்பிடியில் கை வைத்திருந்தார். அதற்கும் அந்தப் பக்கத்து அறையில் ஒரு பெண், வீங்கிய காலோடு, சுவர் வழியே காதைக் கொடுத்துப் படுத்திருந்தாள். ஒரு சொல் வந்திருக்கிறது. ஒரு சொல் கொடுக்க வேண்டும்.

கொடுத்தேன்.

"அத்தை" என்றேன்.

சேர்க்கவில்லை. குறைக்கவில்லை. சாரி என்ற ஒரு சொல்லுக்கு, அத்தை என்ற ஒரு சொல்!

மெல்லிய குரலில் அந்த அம்மா கேட்டார்: "அவரா சொன்னாரு?"

மாட்டிக்கொண்டேன்! ஆம் என்றால் பொய். இல்லை என்றால் பெட்டி கிளம்பிவிடும். கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் தூக்கிப் போட்டேன்: ‘அத்தை என்று நீங்களா சொன்னீர்கள்?’ பட்டறையில் தகரச் சத்தம் நின்றது. அந்த மனிதர் யோசித்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஆனால் அந்தச் சொல் எதற்கென்று புரிந்துவிட்டது. அதைப் பிடித்தார், தகரத்தை வளைப்பது போல வளைத்தார், தட்டி நிமிர்த்தினார், தாமாகவே சொன்னார்:

"அட்தே."

அந்த அம்மா சிரித்துவிட்டார்! இத்தனை நேரம் இரும்பாக இருந்தவர்! "தே இல்ல மாப்பிள்ளை. தை. அத்தை" என்றார்.

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் விழிப்பதற்குள் மருமகன் கத்தினார்: "மாப்பிள்ளை! அந்த வார்த்தை எனக்குத் தெரியும்! அது நான்!"

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அன்று எனக்குக் கை தட்ட யாரும் இல்லை. பஞ்சுச் சுவர்தான் இருந்தது.

அம்மா பேச ஆரம்பித்தார். "அந்தச் சட்டியை வரும்போது எடுத்துட்டு வாங்க. எண்ணெய் தடவி, சின்னத் தீயில வச்சு, ஆற வச்சு, மறுபடியும் தடவணும். மறுபடியும் வைக்கணும். அது பழைய நிலைக்கு வர நாளாகும். நீங்களா எதையும் செஞ்சு வைக்காதீங்க. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்." கவனித்தீர்களா? இருக்கிறேன் என்று சொல்லவில்லை. சட்டிக்காக இருப்பதாகச் சொன்னார். "எத்தனை நாளாகும்?" என்றார் மருமகன். "ஆகும்" என்றார் அத்தை. அந்த ஒரு சொல்லை நான் மொழிபெயர்த்தபோது என் குரல் கொஞ்சம் தடுக்கியது. தும்மல் என்று சமாளித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் எங்கள் நிலையத்துக்குப் போன் போட்டு, ‘உங்க ஆளு பிரமாதம், ஒரே வார்த்தையில அம்மாவை நிறுத்திட்டாரு’ என்று என்னைப் பாராட்டிவிட்டார். அந்தப் பாராட்டால்தான் நான் பிடிபட்டேன்! எங்கள் மேற்பார்வையாளர் அம்மையார் என்னைக் கூப்பிட்டு, பதிவைப் போட்டுக் காட்டினார்.

"கஸ்டமர் சொன்னது சாரி. நீங்க சொன்னது அத்தை. இது எந்த அகராதியில இருக்கு?"

"எங்க வீட்டு அகராதியில மேடம்."

"இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். சாரி மேடம்."

அவர் என்னை முறைத்தார். கதவைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்: "அப்புறம் என்ன ஆச்சு? குழந்தை என்ன குழந்தை?"

பெண் குழந்தை, தாய்மார்களே! தாயும் சேயும் நலம். சட்டி இன்னும் முழுக்கப் பழகவில்லையாம். அதனால் அந்த அம்மாவும் இன்னும் ஊருக்குப் போகவில்லை. இந்தக் கதையை மேடையில் சொல்லலாமா என்று அவர்கள் வீட்டுக்கே போய் அனுமதி கேட்டேன். அந்த அம்மா ஒரே நிபந்தனை விதித்தார்: "சொல்லுங்க. ஆனா சட்டி எப்படிப் பளபளத்துச்சுங்கறதை மட்டும் குறைச்சுச் சொல்லிடாதீங்க." குறைத்தேனா? இல்லையே!

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஐயா, இதுவரை தலைப்புக்கு வெளியேதான் இருந்தேன் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது.

நமக்குள் கோபம் வந்தால் என்ன நடக்கிறது? யோசித்துப் பாருங்கள். அடிக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. வைகிறோமா? கொஞ்சம். ஆனால் முதல் வேலையாக, எதிரில் இருப்பவரிடமிருந்து உறவுப் பெயரைப் பிடுங்கிக்கொள்கிறோம். நேற்று வரை அண்ணன், இன்று ‘அவன்.’ நேற்று வரை அத்தை, இன்று ‘அந்தம்மா.’ நேற்று வரை மருமகள், இன்று ‘உன் பொண்டாட்டி.’ பெற்ற பிள்ளைகூடக் கோபம் வந்தால் ‘உங்க பிள்ளை’ ஆகிவிடுகிறான், அதுவரை ‘என் பிள்ளை’யாக இருந்தவன்!

சரி, கோபம் தீர்ந்தால் என்ன நடக்கிறது? எந்த வீட்டில் அண்ணன் வந்து தம்பியிடம் மன்னிப்புக் கேட்டான்? கேட்க மாட்டான். வாரக்கணக்கில் பேசாமல் இருந்தவன், ஒரு நாள் ஏணி மேல் ஏறி நின்றுகொண்டு, "தம்பி, இதைக் கொஞ்சம் பிடிடா" என்பான். அந்தத் தம்பி என்ற சொல்லில் இருக்கிறது மன்னிப்பு! முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த தங்கை வாசலில் வந்து, "அக்கா, கதவைத் திற" என்பாள். அந்த அக்காவில் இருக்கிறது வருத்தம்! சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு படுத்த பிள்ளை எழுந்து வந்து, "அம்மா, சட்டையில பட்டன் போயிடுச்சு" என்பான். பட்டனா போயிற்று? கோபம் போயிற்று! அந்தத் தாய் ஊசியில் நூல் கோக்கும்போதே எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள். பிடுங்கிய பெயரைத் திருப்பிக் கொடுக்கிறோமே, அதுதான் ஐயா தமிழில் சாரி!

அகராதி ஆன்றோர்களே, உங்களை வணங்கி ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த பதிப்பில் சாரி என்ற சொல்லுக்கு எதிரே வருத்தத்தையும் மன்னிப்பையும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள். அந்த இடத்தில் அண்ணா என்று எழுதுங்கள்! அக்கா என்று எழுதுங்கள்! மாமா என்றும், மச்சான் என்றும், மருமகளே என்றும் எழுதுங்கள்! அத்தை என்று எழுதுங்கள்! அதற்கும் இடம் போதவில்லை என்றால் வெறும் இடமாகவே விட்டுவிடுங்கள். யார் யாரிடம் பேசாமல் இருக்கிறார்களோ, அவரவர் அங்கே நிரப்பிக்கொள்ளட்டும்!

இந்தக் கூட்டத்தில் அப்படி யாரும் இல்லையா? இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். எனக்கு எல்லார் வீட்டுச் செய்தியும் தெரியும், நான் தொலைபேசியில் வேலை பார்க்கிறேன்! இன்று வீட்டுக்குப் போனதும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கூப்பிடுங்கள். அந்தப் பழைய பெயரால் ஒரு முறை கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்தால், அதுதான் பதில்.

தலைவர் இப்போது மணி அடிக்கலாம். அடித்துவிட்டீர்களா? என் பேச்சு முடிந்த பிறகு அடித்த முதல் தலைவர் நீங்கள்தான், நன்றி ஐயா. பொறுத்துக்கொண்ட பெரியவர்களுக்கு நன்றி. கதவோரத்தில் நின்று, கடைசியில் இரண்டாவது காலையும் உள்ளே வைத்த நண்பர்களுக்கு இரட்டை நன்றி. தங்கள் சொந்தப் பேச்சுகளுக்கு இடையில் என் பேச்சையும் கேட்ட தாய்மார்களுக்குத் தனி நன்றி. அத்தனை உறவுகளுக்கும் வணக்கம்.

உட்காருவதற்கு முன்னால் ஒரு சின்னத் தகவல். அனுமதி கேட்கப் போயிருந்தபோது, வழியனுப்ப வாசல் வரை வந்த அந்த அம்மா சொன்னது. அவருடைய ஊருக்கு வாரத்தில் ஆறு நாள்தான் ரயில், செவ்வாய்க்கிழமை கிடையாது. நான் அத்தை என்று சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை.